அந்த லாரி எங்கேருந்து வந்துச்சு?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன மாசம் உங்க ஞாயிறு பதிப்புல வந்த சிறுகதைய பத்தி எழுதணும்னு மூணு வாரமா நெனச்சிக்கிட்டே இருந்தேன், சமையலு, பேரப்பிள்ளய டியூஷனுக்கு கொண்டு விடுறதுன்னு தள்ளிக்கிட்டே போச்சு. இன்னிக்கு பினாங்கு ஆயர் ஈத்தாம்ல நல்ல மழை, கரண்டும் இல்ல, கைப்பேசியில சார்ஜ் 40 இருக்கு, அதுக்குள்ள முடிச்சிடலாம்னு உக்காந்துட்டேன். எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க. 28 வருசம் பிள்ளைங்க கட்டுரைய சிவப்பு பேனாவுல திருத்துனவதான் நானு, ஆனா கைப்பேசிய கையில எடுத்தா அந்த டீச்சர் எங்க போறான்னே தெரியல.

படிக்காதவங்களுக்காக கதைய ஒரு தடவ சொல்லிடறேன். நர்சிங் காலேஜ் ஹாஸ்டல். ரெண்டு பொண்ணுங்க. ஒண்ணுக்கு நீள முடி, மல்லிகைப்பூ, பயந்த சுபாவம். இன்னொண்ணு முடிய கட்டையா வெட்டிக்கிட்டு ஆம்பள சட்டை போட்டுக்கிட்டு மோட்டார் சைக்கிள்ல சுத்துது. ஒரு மழை ராத்திரி, வார்டன் கதவு இடுக்குல எட்டி பாக்குது, வீட்டுக்கு போன் போகுது, நீள முடிக்கு கல்யாணம் பேசிடறாங்க. கல்யாணத்தன்னிக்கு கட்ட முடி மோட்டார எடுத்துக்கிட்டு மண்டபத்துக்கு வருது, வர்ற வழியில ஒரு லாரி வந்து அடிச்சு ஆளு காலி. நீள முடி தாலி கட்டிக்கிட்டு, ஒரு வருசம் கழிச்சு இடுப்புல குழந்தையோட வானத்த பாத்து, அது ஒரு வயசு கோளாறுன்னு நெனச்சுக்குது. முற்றும்.

இந்த மாதிரி விசயத்த குடும்ப பத்திரிகையில போடலாமான்னு கேட்டு அடுத்த வாரம் நாலு கடிதம் வந்திருந்துச்சு, பாத்தேன். நான் அந்தக் கூட்டத்துல இல்ல ஐயா. போட்டது நல்லது. என் கோவம் வேற. கதை பழசு. புளிச்ச மாவு இல்ல, பூஞ்சை புடிச்ச மாவு. இதே கதைய ஆளு பேர மட்டும் மாத்தி மாத்தி நூறு வருசத்துக்கு மேல எழுதிக்கிட்டு இருக்காங்க, இதுல எந்த பாகம் யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு எழுதுனவருக்கும் தெரியல, போட்ட உங்களுக்கும் தெரியல போலன்னுதான் இந்த கடுதாசி.

அந்த கட்ட முடி மோட்டார் பொண்ண எடுத்துக்குங்க. அது 1928ல லண்டன்ல பொறந்த பொண்ணு. ராட்க்ளிஃப் ஹால்னு ஒரு அம்மா எழுதுன 'தி வெல் ஆஃப் லோன்லினஸ்' நாவல்ல கதாநாயகி பேரு ஸ்டீஃபன், அப்பா ஆம்பளப்பிள்ள வேணும்னு ஆசப்பட்டு பொண்ணுக்கே அந்த பேர வச்சிட்டாரு, அது முடிய வெட்டிக்கிட்டு ஆம்பள உடுப்பு போட்டுக்கிட்டு குதிரையில சுத்தும், நம்மாளு குதிரைக்கு பதிலா மோட்டார் குடுத்திருக்காரு, அவ்வளவுதான் வித்தியாசம். கடைசியில ஸ்டீஃபன் என்ன பண்ணும்னா, தான் உசிரா நெனச்ச மேரி ஒரு ஆம்பளயோட நல்லா இருக்கட்டும்னு, தனக்கு வேற பொம்பளயோட தொடர்பு இருக்குற மாதிரி நடிச்சு அவள வெரட்டி விட்டுரும். தியாகம்! அதுலேருந்து புடிச்சது, ஒருத்தி தியாகம் பண்ணணும், இன்னொருத்தி புருசன்கிட்ட போய் சேரணும்னு.

அந்த புத்தகத்துக்கு நடந்தது உங்களுக்கு சுவாரசியமா இருக்கும், ஏன்னா அதுல முக்கியமான ஆளு உங்க தொழில்காரரு. சண்டே எக்ஸ்பிரஸ் பத்திரிகையோட ஆசிரியர் ஜேம்ஸ் டக்ளஸ், நல்லா இருக்குற ஒரு பையனுக்கோ பொண்ணுக்கோ இந்த நாவல குடுக்குறத விட ஒரு குப்பி விஷத்த குடுத்துடுவேன்னு எழுதினாரு. அந்த வருசமே வழக்கு. நாவல் நல்ல நாவல்னு சாட்சி சொல்ல எழுத்தாளருங்க வரிசையா வந்து நின்னாங்க, வர்ஜீனியா வுல்ஃபும் அதுல ஒரு ஆளு, மாஜிஸ்திரேட் ஒருத்தர கூட பேச விடல, புத்தகத்த அழிக்க சொல்லி தீர்ப்பு. இங்கிலாந்துல மறுபடி அச்சுக்கு வந்தது 1949ல, எழுதுன அம்மா செத்து 6 வருசம் கழிச்சு. இத்தனைக்கும் அந்த நாவல்ல ஆபாசம்னு சொல்ல ஒண்ணும் கெடையாது, நான் படிச்சிருக்கேன், உண்மைய சொன்னா பாதியில தூக்கம் வந்துருச்சு, அழுகாச்சி ரொம்ப அதிகம். இருந்தாலும் அந்த அழுகைக்கு ஒரு நியாயம் இருந்துச்சு. எங்கள வாழ விடுங்கன்னு கேக்குறதுக்காக அழுத அழுகை அது. உங்க கதையில வர்ற அழுகை எதுக்குன்னுதான் எனக்கு தெரியல.

சாவுற முடிவு அத விட பழசு. லெஸ்பியன்ங்கற வார்த்தையே லெஸ்போஸ்ங்கற கிரேக்க தீவுலேருந்து வந்தது, ஏறக்குறைய 2600 வருசத்துக்கு முன்னால அங்க சாஃபோன்னு ஒரு புலவர் இருந்தாங்க, பொண்ணுங்க மேல பாட்டு கட்டுனாங்க, இன்னிக்கு கெடைக்கிறது பெரும்பாலும் துண்டு துண்டாத்தான். அந்த அம்மா கதைய பின்னால வந்தவங்க எப்படி முடிச்சாங்க தெரியுமா, ஃபயோன்னு ஒரு படகோட்டி மேல ஆச வச்சு, அவன் விட்டுட்டு போனதால மலை உச்சியிலேருந்து கடல்ல குதிச்சிட்டாங்களாம். ரோமாபுரி புலவர் ஓவிட் அத அப்படியே ஒரு கடித பாட்டா எழுதி வச்சிட்டாரு. பாத்தீங்களா லா, மொத ஆளுக்கே ஒரு ஆம்பளய கொண்டாந்து, சாவையும் கொண்டாந்து முடிச்சு வச்சாச்சு, மத்தவங்க எந்த மூலைக்கு.

அப்பறம் பேய் கதை. 'டிராக்குலா' 1897, எல்லாருக்கும் தெரியும். அதுக்கு 25 வருசம் முன்னாடியே 1872ல ஷெரிடன் லெ ஃபனு 'கார்மில்லா'ன்னு எழுதிட்டாரு, தனியா இருக்குற பொண்ணு வீட்டுக்கு விருந்தாளியா ஒரு அழகான பொண்ணு வரும், பாசமா பேசும், ராத்திரியில ரத்தம் குடிக்கும். கடைசியில நெஞ்சுல ஆப்படிச்சு, தலைய வெட்டி, எரிச்சு விடுவாங்க. கெடுக்க வர்ற வயசுல பெரியவ, கெட்டுப் போற அப்பாவின்னு ஒரு ஜோடி அங்கேருந்து கெளம்பி எல்லா கதையிலயும் பூந்துக்கிச்சு. ஹாஸ்டலும் அப்படித்தான், பொண்ணுங்க பள்ளிக்கூடம், விடுதி, டீச்சர் மேல பிரியம்னு ஒரு தனி கூட்டமே இருக்கு. வேற எங்க வைக்கிறது, அந்தக் காலத்துல ஆம்பள இல்லாம பொண்ணுங்க சேந்து இருக்குற எடம் அது ஒண்ணுதானே.

பள்ளிக்கூடம்னு சொல்லும்போது ஒண்ணு ஞாபகம் வருது, இத கட்டாயம் சொல்லணும். 1934ல அமெரிக்காவுல லில்லியன் ஹெல்மன் 'தி சில்ட்ரன்ஸ் அவர்'னு ஒரு நாடகம் எழுதினாங்க, விடுதிப் பள்ளி நடத்துற ரெண்டு டீச்சருங்கள பத்தி ஒரு மாணவி பாட்டி காதுல பொய்ய ஓதும், பள்ளிக்கூடம் மூடும், ஒரு டீச்சர் தன்ன சுட்டுக்குவாங்க. இதுக்கு பின்னால ஒரு நெஜ வழக்கு இருக்கு, ஸ்காட்லாந்து எடின்பரோவுல 1810ல ஆரம்பிச்சது. அங்க புகார் சொன்ன பொண்ணு இந்தியாவுல பொறந்தது, அப்பா ஸ்காட்லாந்துக்காரரு, அம்மா இந்தியப் பொம்பள. கோர்ட்டுல ஓடுன பேச்சு என்னன்னா, பிரிட்டிஷ் பொம்பளைங்களுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது, இந்தப் பொண்ணு இந்தியாவுல இருக்கும்போது அங்க கேட்டு பழகிட்டு வந்திருக்கும்னு! உங்களுக்கு கடிதம் எழுதுன நாலு பேரும் என்ன எழுதியிருந்தாங்க? மேல் நாட்டு கலாச்சாரம் நம்ம பிள்ளைங்கள கெடுக்குதுன்னு. அவங்க நம்மள காட்டுறாங்க, நம்ம அவங்கள காட்டுறோம், நல்ல கூத்து. (டீச்சருங்க கடைசியில கேஸ்ல ஜெயிச்சாங்க, ஆனா பள்ளிக்கூடம் போனது போனதுதான். நாடகம் எழுதும்போது ஜெயிச்சது போயிடுச்சு, சாவு வந்திருச்சு.)

இப்ப முக்கியமான எடத்துக்கு வர்றேன், சோக முடிவ யாரு போட சொன்னதுன்னு. எங்க ஊரு சௌராஸ்தா மார்க்கெட் மாடியில பழைய புத்தகக் கடைங்க இருக்கு, நான் வேலையில இருந்த காலத்துலேருந்து சம்பளம் வந்தா மீன் வாங்க போறேன்னு சொல்லிட்டு மாடிக்கு ஏறிடுவேன். அங்கதான் 5 ரிங்கிட்டுக்கு ஒரு பழைய பேப்பர்பேக் கெடைச்சது, அதுலேருந்துதான் இந்த வகை புத்தகத்தையெல்லாம் தேட ஆரம்பிச்சேன், அமெரிக்காக்காரங்க ஐம்பதுகள்ல பத்து காசு புத்தகம் மாதிரி மலிவு நாவலா அள்ளி விட்டிருக்காங்க. அதுல 1952ல வந்த 'ஸ்பிரிங் ஃபயர்', வின் பேக்கர்னு ஆம்பள பேர்ல எழுதுனது மேரிஜேன் மீக்கர்னு ஒரு பொண்ணு. காலேஜ்ல ரெண்டு பொண்ணுங்க. கதைய எடுத்துக்கிட்டு போனப்போ பதிப்பாசிரியர் என்ன சொல்லியிருக்காரு, முடிவு சந்தோசமா இருக்கக் கூடாது, புத்தகம் தபால்ல போகுது, தபால் இலாகா இன்ஸ்பெக்டருங்க ஆபாசம்னு சொல்லி மொத்த மூட்டையையும் புடிச்சிடுவாங்கன்னு. அதனால ஒருத்திக்கு பைத்தியம் புடிச்சு ஆஸ்பத்திரி, இன்னொருத்தி அவள எனக்கு உண்மையிலயே புடிக்கவே இல்லன்னு தெளிஞ்சிடறா. பத்து லட்சத்துக்கு மேல வித்துச்சு. அப்பறம் என்ன, வித்தது ஓடும்னு எல்லாரும் அதே மாதிரி எழுதினாங்க, கொஞ்ச நாள்ல அதுதான் மரபுன்னு ஆயிப் போச்சு.

ஆக அந்த முடிவ எழுதுனது எழுத்தாளரே இல்ல ஐயா, தபால்காரரு.

அதே 1952ல பட்ரீஷியா ஹைஸ்மித் 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்' எழுதினாங்க, கிளேர் மோர்கன்னு பொய் பேர்ல. அது எப்படி பொறந்துச்சுன்னு அவங்களே பின்னுரையில எழுதியிருக்காங்க, 1948 டிசம்பர்ல நியூயார்க் பெரிய கடை ஒண்ணுல பொம்மை பிரிவுல வேலை பாக்குறாங்க, ஃபர் கோட்டு போட்ட ஒரு அம்மா மகளுக்கு பொம்மை வாங்க வர்றாங்க, விலாசம் குடுத்துட்டு போயிடறாங்க, அவ்வளவுதான். இவங்க வீட்டுக்கு போயி ரெண்டு மணி நேரத்துல மொத்த கதையையும் எழுதிட்டாங்க, மறுநாள் காய்ச்சல், சின்னம்மை போட்டிருச்சு. அந்த கதையில ரெண்டு பேரும் சாகல, பைத்தியம் புடிக்கல, கடைசி பக்கத்துல ஒரு சாப்பாட்டு கடையில ஒருத்தி இன்னொருத்திய தேடிக்கிட்டு நடந்து போறா, அவ கைய தூக்கி காட்டுறா. விலை இல்லாம இல்ல, வயசுல பெரியவ பெத்த மகளையே புருசன்கிட்ட விட வேண்டியதாயிருச்சு. ஆனா முடிவுல உயிரோட இருக்காங்க, சேந்து இருக்காங்க, அதுக்கே ஜனங்க கடிதமா எழுதி குவிச்சாங்களாம். இன்னொரு வேடிக்கை, பின்னால அந்த சோக முடிவு மீக்கரும் இந்த சந்தோச முடிவு ஹைஸ்மித்தும் கொஞ்ச காலம் ஒரே வீட்டுல குடித்தனம் பண்ணியிருக்காங்க, அத மீக்கரே 2003ல புத்தகமா எழுதிட்டாங்க.

நீங்க கேக்கலாம், 1952 அமெரிக்கா கதை நமக்கு எதுக்குன்னு. நம்ம மலேசியாவுல 2010ல சினிமா தணிக்கைய தளர்த்துனாங்க, ஞாபகம் இருக்கா? இந்த மாதிரி கதாபாத்திரங்கள காட்டலாம், ஆனா கடைசியில மனசு மாறணும், இல்லன்னா வருத்தப்படணும்னு. அன்னிக்கு அந்த செய்திய படிச்சிட்டு தபால்காரரு நம்ம வீட்டுக்கும் வந்துட்டாருன்னு நெனச்சேன். சட்டம் இருக்கு, ஷரியா இருக்கு, 2018ல திரெங்கானு மாநிலத்துல ரெண்டு பொண்ணுங்களுக்கு பிரம்படி குடுத்தது உலகம் பூரா செய்தி, பத்திரிகை அச்சடிக்க லைசன்ஸ் கேக்குற 1984 சட்டம் வேற. உங்களுக்கு பயம் இருக்கும், எனக்கு புரியுது, லைசன்ஸ் உங்களோடது, என்னோடது இல்ல. ஆனா எந்த சட்டத்துலயும் லாரிய கொண்டாந்து மோதணும்னு எழுதலயே.

அந்த லாரிதான் எனக்கு வயித்தெரிச்சல். எங்கேருந்து வந்துச்சு அது? கதையில அதுக்கு முந்தி லாரியே கெடையாது. என் மக கோலாலம்பூர்ல இருக்கா, அவகிட்ட போன்ல இத சொன்னதும் சிரிச்சிட்டு அமெரிக்கா டிவி தொடருங்கள பத்தி சொன்னா, 2002ல 'பஃபி'ன்னு ஒரு தொடர், அதுல டாரான்னு பொண்ணு தன் ஆளோட சமாதானம் ஆன கையோட ஜன்னல் வழியா வேற யாருக்கோ சுட்ட குண்டு வந்து செத்துருச்சு, 14 வருசம் கழிச்சு 2016ல 'தி 100'னு ஒரு தொடர், லெக்ஸான்னு பொண்ணு, அதே மாதிரி சேந்த கையோட வேற ஆளுக்கு வச்ச குண்டு பட்டு செத்துருச்சு. ரெண்டும் வழி தவறி வந்த குண்டு! பாத்தவங்க அந்த தடவ சும்மா விடல, பெரிய சண்டையே போட்டிருக்காங்க. நம்ம ஊருல துப்பாக்கி கெடையாது, அதனால லாரி.

சாவக் கூடாதுன்னு நான் சொல்லல. சோகக் கதைன்னா எனக்கு உசிரு, கோவலன் சாகலன்னா சிலப்பதிகாரமே கெடையாது. ஆனா அவன் சாவுக்கு அவன் பண்ணுன ஒவ்வொண்ணும் காரணமா வரிசையா வந்து நிக்கும், சிலம்பு, பொற்கொல்லன், ராஜா அவசரம். வழிப்போக்கு வண்டி ஒண்ணு வந்து அடிச்சு அவன் சாகல.

அடுத்தது அந்த வார்டன். கவனிச்சு பாருங்க, இந்த மாதிரி கதையில எப்பவும் ஒரு ஆளு எட்டி பாத்துக்கிட்டே இருக்கும். கதவு இடுக்கு, ஜன்னலு, சாவி ஓட்டை. ஹைஸ்மித் கதையில கூட துப்பறியுற ஆளு ஒருத்தன் ஒட்டு கேட்டு ஒலிப்பதிவு பண்ணுவான். இஸ்மத் சுக்தாய் 1942ல உருதுல எழுதுன 'லிஹாஃப்' இருக்கே, ரஜாய் கதை, ரஜாய்னா பஞ்சு வச்ச போர்வை, அதுல ஒரு சின்னப் பொண்ணு ராத்திரி முழிச்சு பாக்கும், செவத்துல ரஜாயோட நிழலு யானை மாதிரி ஆடும், அதுக்கு ஒண்ணும் புரியாது, நமக்கு புரியும். லாகூர்ல ஆபாச வழக்கு போட்டாங்க, கோர்ட்டுல வச்சு இதுல எந்த வார்த்தை ஆபாசம்னு தேடினா ஒண்ணு கூட அகப்படல, விடுதலை ஆயிட்டாங்க. சுக்தாய் அந்த எட்டி பாக்குறத தெரிஞ்சே பண்ணுனாங்க, அந்த குழந்தை கண்ணுதான் அவங்களுக்கு கேடயம். உங்க கதாசிரியருக்கு வார்டன் எதுக்கு? அவருக்கு அந்த ரூமுக்குள்ள போக பயம், அந்த பொண்ணுங்க என்ன பேசிக்கிட்டாங்கன்னு ஒரு வரி எழுத தெரியல, அதனால வார்டனோட கண்ணுக்கு பின்னால ஒளிஞ்சிக்கிட்டாரு. ரெண்டரை பக்க கதையில அந்த ரெண்டு பொண்ணும் ஒருத்தரோட ஒருத்தர் பேசுற வசனம் மொத்தம் நாலு, எண்ணி பாத்தேன், அதுல ஒண்ணு 'மழை வருது'.

நம்ம பக்கத்து கதைங்கள்ல இன்னொரு வழக்கம் உண்டு, வெள்ளக்காரங்ககிட்ட அவ்வளவா இல்லாதது. காரணம் காட்டணும். புருசன் சரியில்ல, அதனால இப்படி ஆயிட்டா. 'லிஹாஃப்'ல நவாபு பொண்டாட்டிய திரும்பி கூட பாக்க மாட்டாரு. 1996ல தீபா மேத்தா எடுத்த 'ஃபயர்' படத்துல ஒரு புருசன் சாமியார் பேச்ச கேட்டுக்கிட்டு பிரம்மச்சரியம், இன்னொரு புருசனுக்கு வேற பொண்ணு. 1998ல இந்தியாவுல தியேட்டர அடிச்சு நொறுக்குனாங்களே அந்த படம்தான். பெரிய படைப்புங்கதான், குறை சொல்லல, ஆனா அத பாத்துட்டு ஜனங்க என்ன முடிவுக்கு வந்தாங்க, அட, புருசன் நல்லவனா இருந்திருந்தா இதெல்லாம் வந்திருக்காதுன்னு. ஒரு ஆம்பள ஒரு பொண்ண விரும்புனா என்ன காரணம்னு எந்த கதையிலயும் யாரும் கேக்குறதில்லயே.

இப்ப வர்ற புது நாவலுங்கள பத்தியும் நியாயமா ரெண்டு வார்த்தை சொல்லிடணும். மக அனுப்பி வச்சதுல அஞ்சாறு படிச்சேன். சாவு கெடையாது, நிம்மதி. ஆனா அதுக்குன்னு புது அச்சு வந்துருச்சு. மழையில மாட்டிக்குவாங்க, ஹோட்டல்ல ஒரே ஒரு ரூம், அதுல ஒரே ஒரு கட்டில். ஒருத்தி பெரிய ஆபீசர், சிரிக்கவே மாட்டா, இன்னொருத்தி காப்பிக்கடை வச்சிருப்பா. ரெண்டாவது தடவ சந்திச்சதுமே சாமான ஏத்திக்கிட்டு ஒரே வீட்டுக்கு குடி வந்துருவாங்கன்னு அவங்களுக்குள்ளயே ஒரு கிண்டல் உண்டாம், அதுவும் வரும். கட்டாயம் ஒரு பூனை. நாலாவது புத்தகத்துல பூனை வந்ததும் மூடி வச்சிட்டேன். பழச தெரிஞ்சு வச்சுக்கிட்டு அத திருப்பி போடுறவங்க வேற, சாரா வாட்டர்ஸ் 2002ல எழுதுன 'ஃபிங்கர்ஸ்மித்' அப்படி, திருட்டு, பணக்கார வீட்டு பொண்ணு, பைத்தியக்கார ஆஸ்பத்திரின்னு பழைய சாமான் அத்தனையும் இருக்கும், ஆனா ஆஸ்பத்திரி முடிவுல வராம நடுவுல வந்து, யாரு உள்ள போனாங்கன்னு தெரிஞ்சதும் என் கையிலேருந்து டீ கொட்டிருச்சு.

நம்ம கிட்டயும் அச்சு இருந்துச்சு. ஒரு காலத்துல நம்ம ரப்பர் தோட்டத்து கதைங்க எல்லாம் கள்ளுக்கடையில ஆரம்பிச்சு பாம்பு கடியில முடியும், போட்டிக்கு வர்ற கதைங்கள்ல பாம்பு இல்லாத கதைய தேடி எடுத்து வைப்போம். அச்சுன்னாலே தப்புன்னும் நான் சொல்ல மாட்டேன், தமிழ் டீச்சரு நானு, ஐந்திணைன்னா என்ன, அச்சுதானே. குறிஞ்சின்னா சேர்றது, முல்லைன்னா காத்திருக்குறது, பாலைன்னா பிரியறது, நெய்தல்னா பொலம்புறது, மருதம்னா ஊடல். எஸ்.பி.எம். பரீட்சை எழுதுற பிள்ளைங்க இத ராகம் போட்டு மனப்பாடம் பண்ணும். என் வருத்தமெல்லாம், இந்த பொண்ணுங்கள கொண்டாந்து பாலையிலயும் நெய்தல்லயும் மட்டுமே நிறுத்தி வச்சிருக்கோம்ங்கறதுதான். குறிஞ்சி ஒரு மழை ராத்திரி, அதுவும் வார்டன் பாக்குற வரைக்கும். மருதம்? சுத்தமா கெடையாது. சங்கப் பாட்டுல தலைவி தோழி எல்லாம் அப்படித்தான்னு இழுத்து வச்சு சொல்றவங்களும் இருக்காங்க, நான் அத நம்ப மாட்டேன், நான் சொல்றது அது இல்ல. ஊடல்னா சேந்து வாழறவங்களுக்குத்தான் வரும். வீடு, அடுப்பு, வாசப்படி எல்லாம் இருக்கணும் அதுக்கு.

நான் பாத்திருக்கேன், அதான் சொல்றேன். அகத்துல பேர் சொல்லக் கூடாதுன்னு தொல்காப்பியமே சொல்லுது, நானும் சொல்லல. கல்யாணமாகி வந்த புதுசுல நாங்க இருந்த ஃபிளாட்ல எதிர் வீட்டுல ரெண்டு பேரு இருந்தாங்க, ஒருத்தங்க ஆஸ்பத்திரியில வேலை, இன்னொருத்தங்க பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி. பெரியக்கா, சின்னக்கான்னு நாங்க கூப்புடுவோம், அக்கா தங்கச்சின்னு புதுசா வந்தவங்க நெனச்சுக்குவாங்க, கூட்டாளிங்கன்னு பழையவங்க சொல்லுவாங்க. கூட்டாளிங்கற வார்த்தைய நம்ம நாட்டுல எல்லாத்துக்கும் போட்டுக்கலாம், நல்ல வசதியான வார்த்தை. யாரும் ஒண்ணும் கேக்கல. அவங்களும் ஒண்ணும் சொல்லல.

சண்டைன்னா சண்டை, அப்படி ஒரு சண்டை. மீன் குழம்புக்கு புளியா மாங்காவான்னு. இஸ்திரி போட்ட சீருடைய யாரு நாற்காலியில போட்டதுன்னு. பெரியக்கா கோவம் வந்தா சத்தம் போட மாட்டாங்க, பேச்ச நிறுத்திடுவாங்க, ஒரு தடவ நாலு நாளு. நாலாவது நாளு சின்னக்கா என்ன கூப்புட்டாங்க. போறேன், ரெண்டு பேரும் ஒரே மேசையில எதிர் எதிரா உக்காந்திருக்காங்க, நடுவுல ஒரு தட்டுல நாலு ரொட்டி சானாய் ஆறிப் போய் கெடக்கு. "தங்கச்சி, உங்க பெரியக்காகிட்ட சொல்லு, கேஸ் தீந்துருச்சு, அதான் வெளிய வாங்கிட்டு வந்தேன், அடுப்பு பத்த வைக்க எனக்கு சோம்பேறித்தனம் இல்லன்னு." நான் திரும்பி பெரியக்காவ பாத்து, கேஸ் தீந்துருச்சாம்க்கான்னேன். பெரியக்கா என்கிட்ட, "காது கேக்குது, எனக்கு ஒண்ணும் செவிடு இல்லன்னு சொல்லு." அத நான் இந்தப் பக்கம் திரும்பி சொன்னேன். இப்படியே ஒரு கால் மணி நேரம் என் கழுத்து வலிக்க திரும்பி திரும்பி பேசினேன், அப்பறம் பெரியக்கா ஒரு ரொட்டிய பிச்சு, பாதிய அந்தப் பக்கத்து தட்டுல வச்சாங்க, என்ன பாத்து, "நீ போலாம்"னாங்க. மருதத்துல தூது போறவங்கள வாயில்னு சொல்லுவோம், பாணன் போவான், தோழி போவா. அடுத்த வாரம் வகுப்புல அந்த பாடம் வந்தப்போ எனக்கு சிரிப்ப அடக்க முடியல, பிள்ளைங்க என்ன டீச்சர்னு கேட்டுச்சுங்க, எப்படி சொல்றது.

இப்ப அவங்க இங்க இல்ல. உடனே செத்துட்டாங்கன்னு நெனச்சிடாதீங்க, ஓய்வு வாங்கிட்டு வேற மாநிலத்துக்கு வீடு மாறி போயிட்டாங்க, தீபாவளிக்கு போன் வரும், முறுக்கு மாவு சரியா வரலன்னு ஒருத்தர் மேல ஒருத்தர் பழி சொல்லுவாங்க, அதுக்கும் நடுவுல நான்தான்.

அந்த கதாசிரியர்கிட்ட சொல்லுங்க ஐயா, எழுத்து நடை நல்லா இருக்கு, மண்டபத்துல செண்ட மேளம் அடிக்கிற எடம் ரொம்ப நல்லா வந்திருக்கு, அடுத்த தடவ அந்த ரெண்டு பொண்ணுக்கும் ஒரு வாடகை வீடு புடிச்சு குடுக்க சொல்லுங்க. வீட்டுக்காரன் என்ன கேட்டான், முன்பணம் எவ்வளவு, யாரு கேஸ் வாங்கணும், அம்மா ஊருலேருந்து வந்தா எந்த ரூமுல படுக்கும், ரெண்டாவது கட்டில் எதுக்கு வாங்கி போட்டிருக்காங்கன்னு எழுதட்டும், அதுலயே அழுகை வேணும்ங்கற அளவுக்கு வரும், லாரி வேண்டாம்.

இன்னொண்ணு, தலைப்புக்கு கீழ 'ஓரினச்சேர்க்கையின் விபரீதம்'னு ஒரு வரி போட்டிருந்தீங்க. அது நீங்க போட்டதா அவர் போட்டதான்னு தெரியல. கதையில கைய புடிச்சதுக்கு மேல ஒண்ணும் நடக்கல, அதுக்கு எதுக்கு அந்த வார்த்தை. மதுரைப் பக்கம் ரெண்டு பொண்ணுங்க பாதுகாப்பு கேட்டு போன வழக்குல 2021ல மெட்ராஸ் ஹைகோர்ட் பேச ஆரம்பிச்சு, 2022ல தமிழ்நாடு அரசு இதுக்குன்னு மரியாதையான வார்த்தைங்கள பட்டியல் போட்டு அரசிதழ்லயே வெளியிட்டுச்சு, தன்பாலீர்ப்புன்னு ஒரு வார்த்தை புழக்கத்துல இருக்கு, ஒரு எழுத்து கம்மிதான், எடம் பத்தும்.

சார்ஜ் 9க்கு வந்துருச்சு, கரண்டு இன்னும் வரல. இதோட நிறுத்திக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.

பி.கு: அந்த கதையில கடைசிக்கு முந்தின பத்தி, லாரி வர்ற பத்தி, 14ஆம் பக்கத்து அடியிலயும் 15ஆம் பக்கத்து மேலயும் ரெண்டு தடவ அச்சாயிருக்கு. பாவம், அந்த பொண்ணு ரெண்டு தடவ செத்துப் போச்சு. பிழை திருத்துறவர்கிட்ட சொல்லுங்க.